ஆரஞ்சுப் பொடி

பொடி பால்போலப் பொங்கி வந்ததும் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மல்லாடியதற்குப் பலன். ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் இழுத்துக் கட்டிய காபி வடிகட்டும் காகிதம், அதற்கும் கீழே காற்று நுழைய ஒரு துளை. அவ்வளவுதான் சாதனம். அடியிலிருந்து காற்று ஏறினால் ஆரஞ்சு நிறப் பெயிண்ட் பொடி தண்ணீர்போல இளகி மிதக்கும். தூண்டில் முள்ளின் ஈயத் தலையை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, சூட்டோடு ஒரு முக்கு முக்கினால் பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். "ஞாயித்துக்கிழமை சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இதச் செய்யேன்யா" என்று சொல்லிக்கொடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், ஏரிக்கரையே கதி என்று கிடப்பவர்.

காற்றுக்கு மீன்தொட்டி பம்பு வாங்கச் சொல்லியிருந்தார். அவன் வாங்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் மனைவியின் நெபுலைசர் இருந்தது. இரண்டு வருடம் அவள் மூச்சுத்திணறலுக்கு மருந்து இழுத்த மெஷின். அதற்கு அவள் வைத்த பெயர் ரெண்டாவது புருஷன். "மொத ஆளுக்கு இவன் தேவல. குறட்ட விட்டாலும் வேல செய்யறான்" என்பாள். அவள் போய் ஏழு மாதம். முகமூடியைக் கழற்றிவிட்டு ட்யூபைத் துளையில் செருகியபோது அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அளவு கச்சிதம் என்று மட்டும் தோன்றியது.

அழைப்பு மணி அடித்தது. மாமனார். மூன்று மாடி ஏறி வந்தவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பொறுங்கள் என்று கையைக் காட்டி நின்றார்.

"வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீங்க எடுத்தாத்தானே மாப்பிள."

உட்கார்ந்து, அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"டாக்டர் எனக்கும் நெபுலைசர் வைக்கச் சொல்லிட்டாரு. புதுசு வாங்கலாங்கறா உங்க அத்தை. எனக்கென்னமோ, எம்பொண்ணு வச்சதையே வச்சுக்கலாம்னு இருக்கு. பைத்தியக்காரத்தனந்தான். சிரிக்காதீங்க."

துடைத்துக் கொடுக்க முடியாது. மெஷின் காற்றை இழுக்கும் பக்கத்துப் பஞ்சு ஆரஞ்சாகிவிட்டதை அவன் சற்று முன்புதான் பார்த்திருந்தான். கெட்டுவிட்டது என்று சொல்லலாம். எப்படி என்று கேட்பார். தூண்டில் முள்ளுக்குச் சாயம் பூசினேன் என்று மகளைப் பறிகொடுத்தவரிடம் எந்த வாயால் சொல்வது?

"ஆஸ்பத்திரிக்கே குடுத்துட்டேன் மாமா. அப்பவே. யாருக்காச்சும் உதவட்டும்னு."

மாமனார் தலையாட்டினார். ஆட்டம் பாதியில் நின்றது. முகம் மெல்ல உள்ளறைப் பக்கம் திரும்பியது. அவர் எதற்குக் காது கொடுக்கிறார் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி எழுந்தவன். அது அவன் காதில் விழுவதே இல்லை. இப்போது விழுந்தது. நிறுத்தாமல் விட்டு வந்த மெஷின், சாத்திய கதவுக்குப் பின்னால், குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மகளின் முகத்தில் முகமூடியைப் பிடித்தபடி எத்தனையோ நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். எழுந்து போய் நிறுத்தலாம். நிறுத்தினால் இதுவரை ஓடியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் அசையவில்லை.

"நல்ல காரியம்" என்றார் மாமனார். அவனைப் பார்க்கவில்லை. "அவளுக்கும் அதான் பிடிக்கும்."

"காபி போடறேன் மாமா."

"இருக்கட்டும். உங்க அத்தை தேடுவா. வேளைக்குச் சாப்பிடுங்க மாப்பிள. ரொம்ப எளச்சுட்டீங்க."

படியில் அவர் காலடி கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மறுபடி கேட்டது. கூட இறங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியபோது அது அடங்கியிருந்தது. மேசையில் தம்ளர் இருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் அவனுடைய ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

ஜன்னலுக்குப் போனான். கீழே, வாசல் சுவரில் சாய்ந்து மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். ஆரஞ்சு படிந்த இடத்தை வெயிலில் விரித்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை உதறாமல், நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.