பாதி கட்டிங்

1

இந்தக் கதையைத் திருடினேன் என்று தொடங்கியிருந்தேன். பொய். கேட்டு வாங்கினேன்.

கவரைப்பேட்டையில் ஞாயிறு மாலைகளில் குடியை விட்டவர்கள் கூடுகிறோம். (விட்டவர்கள் அல்ல. விட்டுக்கொண்டிருப்பவர்கள்.) அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கேஸ் கட்டரால் இரும்புத் தகடு வெட்டும் ஒருவன் தன் வீட்டு வாசலில் நடந்ததைச் சொன்னான். டீ குடிக்கும்போது, எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்க சார். பேரை மட்டும் மாத்திடு. கொஞ்சம் செவப்பா காட்டு."

தணிகைவேல் என்று வைத்திருக்கிறேன். நிறத்தை மாற்றவில்லை.

2

முதல் தொடக்கம்: இரும்பாலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல

வேண்டாம். அவன் சூரியனைப் பார்க்கவில்லை.

இரண்டாவது: குடிகாரனின் மனைவிக்குக் காது

வேண்டாம். அவன் இப்போது குடிப்பதில்லை.

மூன்றாவது: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பட்டறை. ஷிஃப்ட் முடியும் நேரம். கிளம்பிவிட்டதாக மனைவி நர்மதாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான் தணிகைவேல். பின்னாலிருந்து ஃபோர்மேன் மோகன்ராஜ் கத்துகிறார்.

"டேய் தணிகை! பாதி கட்டிங் மிச்சம் கீதுடா. வந்து முடிச்சிட்டுப் போ!"

நர்மதா போனை வைத்துவிட்டாள்.

(பட்டறைக்குள் கட்டிங் என்றால் தகட்டை வெட்டுவது. கேட்டுக்கு வெளியே அது குவார்ட்டரில் பாதி. நர்மதாவுக்கு இரண்டாவது பொருள்தான் தெரியும். அவளுக்கு அதைத் தெரியவைத்தவன் தணிகைவேல்.)

3

தகட்டை வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். நர்மதா வாசலை மறித்து நின்றாள்.

"இன்னாயா, முடிச்சியா கட்டிங்க?"

"அது இரும்புடி."

"இரும்பா? தொட்டுக்க ஊறுகா குடுத்தாங்களா?"

"மோகன்ராஜ் அண்ணனை வேணா கேளு."

"உனுக்கு ஊத்திக் குடுத்த ஆளாச்சே. சாட்சி நல்லா சொல்லுவாரு. பையைக் கட்டி வெச்சிக்கினு நிக்கிறேன். வாசனை வந்திச்சின்னா எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். ஊது."

பக்கத்து வீட்டு செண்பகம் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அவன் குடித்திருக்கவில்லை. ஆனாலும் ஊத வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "குடிச்சிட்டு எத்தினியோ தபா ஊதிக்கிறேன் சார். கூச்சமே இல்ல. குடிக்காத அன்னிக்கு ஊதறதுக்குத்தான் மானம் போச்சு."

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

4

எனவே முடிவு என் பொறுப்பில் விழுந்தது. இரண்டு எழுதினேன்.

ஒன்று. ஊதினான். கேஸ் புகையும் பசித்த வயிற்றின் வாடையும் வந்தன. நர்மதா உள்ளே போய்ச் சோறு போட்டாள். இதைப் பலமுறை திருத்தினேன். பத்தி எழுந்து நிற்கவில்லை.

இன்னொன்று. ஊத மறுத்துத் திரும்பி நடந்தான். கடைக்குப் போனான். பிளாஸ்டிக் டம்ளர் விரல்களுக்குள் நசுங்க, முதல் மிடறு

நிறுத்துகிறேன்.

அந்தப் பத்தியில் ஒரு திருத்தமும் இல்லை. ஒரே மூச்சில் வந்தது.

நானும் அந்த வட்டத்தில் உட்காருகிறவன். விழித்ததும் "இன்றைக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிக்கொள்கிறவன். அன்று காலையும் சொன்னேன். பிறகு மேசைக்கு வந்து, தணிகைவேலின் வாயால் குடித்தேன். திரும்பப் படித்தேன். மறுபடியும் படித்தேன். கதைக்காக என்று சொல்லிக்கொண்டேன். தொண்டை நனைந்தது கதைக்காக அல்ல.

5

[இங்கே அந்தப் பத்தி இருந்தது.]

அடுத்த ஞாயிறு தணிகைவேல் கேட்டான்: "இன்னா சார், என் கதை இன்னா ஆச்சு?"

"வாசல் வரைக்கும் வந்திருக்கு."

"இன்னும் வாசல்லயேவா? சீக்கிரம் உள்ள வுடு சார். கால் வலிக்குது. பேஜாரா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் முறை வந்தது. எழுந்து, இந்த வாரமும் நான் குடிக்கவில்லை என்றேன். அது உண்மை.

கை தட்டினார்கள். தணிகைவேல்தான் அதிக நேரம் தட்டினான்.

6

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. என் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும்.

நர்மதா காத்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். என்ன வாசனை என்று நீங்கள் அருகே போய்ச் சொல்லுங்கள். நான் இன்றைக்கு அவ்வளவு பக்கத்தில் போகக் கூடாது.