முக்கால் ஆளும் கால்பின்காரனும்

"மாமா, அன்னைக்கு நீங்க வண்டிய ஒரு பக்கமா ஒடிக்காம இருந்திருந்தா, நான் இப்ப எங்க இருப்பேன்?" என்று ஞானசெல்வி கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்கப்பட்டவர் பஸ் டிரைவர் நாராயணபெருமாள். கேட்ட இடம் கோட்டாறில் பக்கீர் முகம்மதின் பலசரக்குக் கடை. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செய்யது அலிதான், "இரு ஏட்டி, பேப்பர்ல பாத்துச் சொல்லுதேன்" என்றான். அந்தக் கடைக்குச் சாமான் பொதிய வந்த அமெரிக்கப் பழைய பேப்பர்கள் எல்லாவற்றிலும் ஒரே தேதிதான் இருந்தது: 1946 நவம்பர் 25, திங்கட்கிழமை. எல்லாவற்றிலும் முந்தின நாள் நடந்த ஒரே பந்தாட்டம். ஆனால் எந்த இரண்டு தாளிலும் ஆட்டம் ஒரே மாதிரி முடியவில்லை. இது 1948 முதல் அப்படித்தான் இருந்தது. அந்த வருடங்களில் மிளகு ஏறியது, கருப்பட்டி இறங்கியது, திருவிதாங்கூர்ச் சக்கரம் செல்லாமல் போய் அணா வந்தது. கோட்டாறு கடைக்காரர்களுக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

ஒடித்த கதையைச் சொல்லிவிட வேண்டும். 1947 ஐப்பசியில் ஒரு மத்தியானம், சுசீந்திரம் தாண்டிய ஓடைப்பாலத்தில், வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நேசம்மாளின் மூன்று வயது மகள் ஞானசெல்வி ஒரு வாத்துக்குஞ்சின் பின்னால் ரோட்டுக்கு ஓடி வந்தாள். நாராயணபெருமாள் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். பிள்ளை பிழைத்தாள், குஞ்சும் பிழைத்தது. இடப்பக்கப் படியில், ஒரு கிழவிக்கு உள்ளே இடம் விட்டுக்கொடுத்துத் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டரின் இடது கால் பாலத்துக் கல்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே அகப்பட்டு முட்டுக்குக் கீழே போயிற்று. கண்டக்டர் அந்த வண்டிக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெயர் செய்யது அலி என்பது ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளக் கேட்டபோதுதான் நாராயணபெருமாளுக்குத் தெரியவந்தது. அதுவரை 'ஏய் கண்டக்டர்' என்றுதான் கூப்பிட்டிருந்தார். வலப்பக்கம் சுவர் இல்லை; ஒடித்திருந்தால் வாய்க்கால். அதில் அன்று முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள். கேட்ட டிரைவரால் முடியவில்லை.

செய்யது அலியை அக்காள் புருஷன் பக்கீர் முகம்மது கடையில் உட்கார்த்திவைத்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் வரை படித்தவன், ஆகையால் பொதிகிற தாளை வாசிக்காமல் விடமாட்டான். அந்தப் பந்தாட்டத்தைக் காலால் ஆடுவது குறைவு, கையால் எறிந்துதான் ஆடுகிறார்கள், ஆனாலும் அதற்குப் பெயர் கால்பந்து என்று அவன் சொன்னபோது கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பந்தை எங்கே எறிவது என்று முடிவு செய்கிற முக்கியமான ஆட்டக்காரனுக்கு அங்கே குவார்ட்டர்பேக் என்று பெயர். செய்யது அலி அதைக் கால்பின்காரன் என்று தமிழாக்கினான்.

"காலுக்குப் பின்னால நிப்பானோ?" என்று எண்ணெய் வாங்க வந்த பொன்னுலிங்கம் கேட்டார்.

"அந்தக் கால் இல்ல வே. குவார்ட்டர்னா கால், அரை, முக்கால்ல வருமே, அந்தக் கால். ரெண்டு கை, ரெண்டு காலுன்னு மனுசன் நாலு கால். அதுல ஒண்ணு போச்சு. இப்ப நான் முக்கால் ஆளு. அந்தக் கணக்குதான்."

கடை முழுக்கச் சிரித்தது. நாராயணபெருமாள் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல்போர்ட் என்ற ஊரில் மாவு மில்லின் பெயர் கொண்ட அணி ஒன்று, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அதன் கால்பின்காரன் ஹாலிஸ். ஆட்டம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது பந்து அவன் கையில். ஒரு தாளில் அவன் இடப்பக்கம் எறிய, பர்க் என்கிறவன் பிடித்து ஜெயித்துக் கொடுத்துவிட்டு, நாலு பேர் மேலே விழுந்து கால் முறிந்து கிடந்தான். இன்னொரு தாளில் ஹாலிஸ் எறியாமல் தானே ஓடித் தோற்றான். இன்னொன்றில் அவன் எதிர் அணியில் இருந்தான். ஒன்றில் பட்டாளத்திலிருந்து திரும்பி இறைச்சிக்கடை வைத்துவிட்டான். அவனுக்குப் பதில் வந்தவன் பதினேழுக்கு ஒன்றுமில்லாமல் தோற்றான். ஒன்றில் அந்த அணியே பஞ்ச காலத்தில் கலைந்து, ஆட்டம் நடக்க வேண்டிய மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். இரணியலிலிருந்து கொப்பரை விற்க வருகிறவர்கள்கூட, "இந்த வாட்டி ஹாலிஸ் என்ன செஞ்சான்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நாராயணபெருமாள் பஸ்ஸின் சாயங்கால நடையை முடித்துவிட்டுத் தினமும் கடைக்கு வந்தார். கால் ராத்தல் சீனி வாங்குவார். வீட்டில் அன்னக்கிளி சீனியைக் கொட்டிவைக்க டின் போதாமல் சலித்துக்கொண்டாள். அவருக்கு வேண்டியது சீனி அல்ல. ஹாலிஸ் வலப்பக்கம் எறிந்து, ஆட்டமும் ஜெயித்து, ஒருவனுக்கும் கால் முறியாத ஒரு தாள். அது எங்கேயாவது இருந்தால், தாம் செய்தது தப்பு என்று நிச்சயமாகிவிடும், நிச்சயமாகிவிட்டால் தூங்கலாம். இல்லவே இல்லையென்றாலும் தூங்கலாம். இரண்டும் தெரியாததுதான் அவரைத் தின்றது. பாலத்தருகே வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். பயணிகள் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு பழகிவிட்டது. சிலர் அங்கேயே இறங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். கம்பெனி அதை ஒரு நிறுத்தமாகவே எழுதிக்கொண்டது.

"அண்ணாச்சி, அந்தப் பய எப்படி எறிஞ்சா உங்களுக்கு என்ன? வயித்துக்குச் சாப்பிடுங்க. மெலிஞ்சு போனீங்க" என்பான் செய்யது அலி. ஒருமுறை வேடிக்கையாக, "காலு போனது போட்டும். அந்த இடத்துச் செருப்பு எங்க போச்சோ! புதுசு அண்ணாச்சி, ஒரு வாரம்கூடப் போடல. இந்த வலத்தது இப்ப தொணையில்லாமக் கெடக்கு" என்றான்.

செருப்பு நாராயணபெருமாளிடம் இருந்தது. விபத்து நடந்த அன்று தெறித்து வந்து தம் சீட்டுக்கடியில் கிடந்ததை எடுத்து, டிரைவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. கால் இல்லாதவனிடம் செருப்பை எப்படி நீட்டுவது? அதைவிட, அதை யாருக்கும் காட்ட முடியாதபடி ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. பூட்டிய பெட்டிக்குள் செருப்பு தேய்ந்துகொண்டிருந்தது. முதல் வருஷம் அடியில் கோட்டாறுச் செம்மண் ஒட்டியிருந்தது. 1950-இல் வார் அறுந்தது. அடுத்த வாரம் பார்த்தபோது கறுப்பு நூலால் தைத்திருந்தது. 1953-இல் குதிகாலில் டயர் ரப்பர் ஒட்டுப்போட்டிருந்தது. நாராயணபெருமாள் மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி, திரும்ப வைத்துப் பூட்டுவார்.

1956-இல் தென்திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று உறுதியானது. இனிமேல் பழைய பேப்பர் மதுரைப் பக்கமிருந்து வரும், அமெரிக்கக் கட்டுகளை அனுப்பிவந்த கொச்சி வியாபாரியோடு கணக்கு முடிந்தது என்று பக்கீர் முகம்மது சொன்னார். கடைசிக் கட்டு அக்டோபரில் வந்தது. அதன் அடியில் அந்தத் தாள் இருந்தது.

செய்யது அலி சத்தமாக வாசித்தான். ஹாலிஸ் வலப்பக்கம் எறிந்தான். பர்க் பிடித்தான். மேலே ஒருவரும் விழவில்லை. பெல்போர்ட் இருபதுக்குப் பதினேழு. ஒருவனுக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

நாராயணபெருமாள் தாளின் மேல் குனிந்தார். எட்டு வருஷமாகத் தேடியது. "பொறவு?" என்றார்.

"பொறவு என்ன? எல்லாரும் அவனவன் வழியே போயிட்டானுவ. கடைசியில ரெண்டு வரி இருக்கு. பந்தப் பிடிச்சவன் யாருன்னு பேப்பர்காரன் ஹாலிஸ்ட்ட கேட்டிருக்கான். புது ஆளு, பேரு ஞாபகம் இல்லேன்னிருக்கான்."

"கால் ஒடிஞ்ச தாள்ல?"

"அதுல ஹாலிஸ் விடிய விடிய ஆஸ்பத்திரி வாசல்ல நின்னான், சட்டைகூட மாத்தாம. ஒடிஞ்ச தாள் அத்தனையிலயும் அப்படித்தான் அண்ணாச்சி. நான் வாசிச்சுக் காட்டல்ல. நீங்க அழுவீங்கன்னு."

ஒரு ஈ தராசுத்தட்டில் உட்கார்ந்து எழுந்தது. பிறகு நாராயணபெருமாள், "கால் ராத்தல் சீனி போடு தம்பி. அந்தத் தாள்லயே பொதி" என்றார். வீட்டில் அன்னக்கிளி சீனியைக் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் வைத்தாள். மற்றத் தாள்களைப் போலத்தான் எரிந்தது. அன்று அவர் தூங்கினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போக, பாலத்து நிறுத்தத்தில் ஞானசெல்வி ஏறினாள். பன்னிரண்டு வயது, ரெட்டைச் சடை. நாராயணபெருமாள் இறங்கிப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். "என்ன மாமா, இன்னைக்குப் பாக்கல்லியா?" என்றாள். "பாத்தாச்சு மக்கா" என்றார்.

மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து, செருப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோட்டாறுக்கு நடந்தார். தெருவில் ஆள் இல்லை. கடைக்குள்ளே அரிசி மூட்டைகளுக்கு அப்பால் செய்யது அலி முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி தொழுதுகொண்டிருந்தான். படியில் அவனுடைய வலது செருப்பு தனியாகக் கிடந்தது. கறுப்பு நூல் தையல், குதிகாலில் டயர் ஒட்டு. நாராயணபெருமாள் குனிந்து இடது செருப்பை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. மழை வரும்போல இருந்ததால், இரண்டையும் சேர்த்துச் சற்று உள்ளே தள்ளி வைத்துவிட்டு, மூன்று மணி வண்டியை எடுக்கப் போனார்.