கம்பியை யார் தட்டுவது

விடிந்ததிலிருந்து சரிவில் வெயில் காய்ந்தது. சூடேறிய காற்று ஆற்று ஈரத்தையும் சுமந்துகொண்டு மலைமேல் ஏறியது. எங்கள் பாவாடையை உச்சிப் பக்கமாகவே இழுத்தது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில் மே மாதம் தினமும் இதுதான். ஏறிய காற்று உச்சியோடு நிற்காது. இன்னும் மேலே போய்க் குளிர்ந்து மேகமாகக் கட்டும். மதியச் சோற்றுக்குள் கருத்துப் பொங்கி நிற்கும்.

நானும் என் நாத்தனார் பெலிசாவும் பள்ளத்தில் முட்டைக்கோசைக் கூடையில் அடுக்கி, சாலைவரை ஏறும் இரும்புக் கம்பியில் மாட்டுவோம். மேலே, சாலையோரத்தில், என் புருஷன் தங்பா இஞ்சின் வைத்து இழுப்பான். அந்தக் கம்பிதான் எங்களுக்கு வாய். மூன்று தட்டு தட்டினால் இழு. விடாமல் தட்டினால் நிறுத்திவிட்டுப் போ. கைப்பேசி இந்தப் பள்ளத்தில் எடுக்காது.

பாவாடை தொய்ந்தது. காற்று நின்றுவிட்டது. அதற்குமேல் கம்பியைத் தொடக்கூடாது, மின்னல் அதன்வழியே இறங்கும்.

"இந்த ஒரு கூடதான் அண்ணி. நனஞ்சா அழுகிரும்."

"அழுகட்டும். கைய எடுடி."

உச்சிக்குப் பின்னால் இடி உறுமியது. கையை எடுத்த பிறகுதான் இருவரும் மேலே பார்த்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தட்டலுக்காக அவன் இரும்புத் தூணடியில் நெம்புகோலைப் பிடித்தபடி நிற்பான். அங்கே ஒரே மூடுபனி. தலைக்குமேல் என்ன கட்டியிருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

"இடி கேக்காதா அண்ணனுக்கு?"

"அந்த இஞ்சின் சத்தத்துலயா? பாதிச் செவிடு. நான் கூப்பிட்டாலே கேக்காது."

"அது வேற செவிடு."

சிரிக்கத் தெம்பில்லை. கம்பியைத் தட்டாமல் அவனைக் கிளப்ப முடியாது. கை படாமல் தட்ட, கல்லை எடுத்துக் கம்பிமேல் எறிந்தேன். காலையிலிருந்து கூடை தூக்கிய தோள் எழும்பவில்லை. கல் பாதியில் விழுந்தது. பெலிசா முட்டைக்கோசைத் தூக்கி வீசினாள். கம்பி அதிர்ந்தது.

"இன்னொண்ணு போடு!"

இரு கையாலும் எறிந்தோம். பட்டதும் படாததுமாக இலை சிதறியது. கடைசியில் இஞ்சின் அடங்கியது.

மலையிலிருந்து குளிர்காற்று இறங்கி முகத்தில் அறைந்தது. கம்பியை விட்டு ஓடி வரப்படியில் குந்தினோம். மேலே வெள்ளையாக வெடித்தது. பிறகு ஆலங்கட்டி. அவன் தூரம் போயிருப்பானா என்று இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழை விட்ட பின் ஒற்றையடிப் பாதையில் சேறும் சகதியுமாக இறங்கி வந்தான்.

"எவடி அது, குடிகாரி மாதிரி தட்டுனது?"

"ஒன் தங்கச்சிதான். கோசால."

நனைந்த குவியலைப் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்தான்.

"தூணு கருகிப்போச்சு. இஞ்சினும். நாளைக்கு முதுகுலதான் ஏத்தணும்."

"வெயிலுக்கு முந்தி தொடங்கணும்" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பெலிசா மட்டும், ராத்திரிக் குழம்புக்கென்று, கிழிந்த கோசு ஒன்றைச் சேற்றிலிருந்து பொறுக்கினாள்.