பதினேழாம் இருக்கை

அக்காவுக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உளவியலாளர் என்றதும் பைத்தியம் பார்க்கும் டாக்டர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி, தூக்கத்தில் பேசும் தன் கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். உண்மையில் அக்கா இருப்பது அரசுத் தேர்வு வாரியத்தில். எந்த அரசு வேலைக்கு எப்படிப்பட்ட ஆளை எடுப்பது, அவரை எப்படிச் சோதிப்பது, எவ்வளவு படிப்பு கேட்பது என்று விதி எழுதுகிறாள். அவள் யாரையும் குணப்படுத்துவதில்லை. அளக்கிறாள்.

நான் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் இரவு ஷிப்ட். கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஊழியன். ஹெட்போனில் யாராவது அலறுவார்கள். அந்த அலறலுக்குள்ளிருந்து ஒரு முகவரியைப் பிடுங்கி எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

நான் வீடு திரும்புவதற்கும் அக்கா கிளம்புவதற்கும் நடுவே நாற்பது நிமிடம் கிடைக்கும். அடுப்பைப் பார்த்தபடியே "எத்தனை?" என்பாள். முட்டையைக் கேட்கிறாள். யாரும் சாகாத இரவு என்றால் மூன்று சாப்பிடுவேன். மோசமான இரவு என்றால் ஒன்று. ஏதோ ஒன்று கைநழுவிப் போயிருந்தால் இரண்டு. இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளாகவே கவனித்துக் கண்டுபிடித்தாள்.

"இந்த வீட்டுல நம்பகமான சோதனை இது ஒண்ணுதான்" என்பாள் அத்தானிடம்.

அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக். "எனக்கும் ஒரு சோதனை வையேன்" என்பார்.

"உங்களைத்தான் எப்பவோ எடுத்தாச்சே. இனிமே ஃபெயில் ஆனா என்ன, பாஸ் ஆனா என்ன?"

அந்த வருஷம் எங்கள் வேலையை நிரந்தரமாக்குவதாக அரசு சொன்னது. ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தோம். மறுநாள் நிபந்தனை வந்தது. பட்டம் வேண்டும். எண்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். இல்லாதவர்களுக்கு வருஷக் கடைசியோடு வேலை இல்லை. எங்கள் மையத்தில் அறுபது பேர். பட்டம் இல்லாதவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் நான் ஒருவன்.

அந்தத் தேர்வு சரியானதுதானா என்று பார்க்கும் கோப்பு அக்காவிடம் வந்தது. என் தம்பி அங்கே வேலை பார்க்கிறான், அவன் ஆய்வில் இருக்கக்கூடாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். வாரியமும் ஒப்புக்கொண்டது. என்னிடம் சொன்னாள்: "நீ அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காத."

அக்காவின் முறை எளிமையானது. புதிதாக வருபவர்களுக்குத் தேர்வை வைப்பதற்கு முன், ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறவர்களை எழுதச் சொல்வாள். அவர்கள் வேலைக்குக் கண்காணிப்பாளர் தனியாகப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். தாள்களும் மதிப்பெண்களும் பெயர் இல்லாமல், இருக்கை எண்ணோடு மட்டும் அவள் கைக்கு வரும். வேலையில் கெட்டிக்காரர்கள் தேர்விலும் நன்றாக எழுதினால் தேர்வு சரி. இல்லையென்றால் குப்பைக்கூடை.

நாற்பது பேர் எழுத வேண்டிய அன்று காலை, நான் ஷிப்ட் முடித்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் வந்து தோளைப் பிடித்தார். குரலை வைத்து அவருக்கு நாங்கள் இட்ட பெயர் சைரன்.

"ஒருத்தன் வரலடா. முப்பத்தொம்பதுன்னு எழுதினா மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும். போய் உக்காரு."

"சார், எங்கக்கா..."

"பேரா எழுதப்போற? நம்பர்தானே!"

பதினேழாம் இருக்கை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கு வாதாடுவதைவிட உட்காருவது சுலபம். தப்பு என்னுடையதுதான். எதிர்ச்சொல் எழுதச் சொன்னார்கள். அடுத்து வரும் உருவத்தைக் கேட்டார்கள். இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை எப்போது நிரப்பும் என்றார்கள். ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட என்னைத் தொட்டி விஷயமாக அழைத்ததில்லை.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா கிட்டத்தட்டக் குதித்தாள்.

"பதினேழு! இந்தப் பதினேழைப் பாருங்களேன்! வேலைக்குப் பத்துக்கு ஒம்பதரை. அந்த மையத்துலயே அதிகம். எங்க பரீட்சையில எண்பதுக்கு இருபத்தாறு. கடைசி!"

"அப்ப அந்தாளு மக்கா?" என்றார் அத்தான்.

"அந்தாளு மக்கு இல்லைங்க. எங்க பரீட்சை மக்கு. அட்டவணையைக் காட்டினா கமிட்டில கொட்டாவி விடுவாங்க. பதினேழைக் காட்டினா நிமிர்ந்து உக்காருவாங்க."

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவினேன், தடவிய இடத்திலேயே.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதிக் காரணம். மீதிக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தினமும் காலையில் பதினேழைப் புகழ்ந்தாள். அந்த மாதிரி ஆளைத்தான் நாடு தேடணும் என்றாள். அவள் வாயால் என்னைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை. பிடித்திருந்தது.

நான்காம் நாள் கேன்டீனில் சைரன் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "அக்கா வச்ச பரீட்சையில தம்பியையே உக்கார வச்சேன்ல!" பத்து இடத்தில் சிரிப்பார். பதினோராவது இடம் அந்தக் கமிட்டியாக இருக்கும். தம்பிக்காக அறிக்கை எழுதினாள் என்பார்கள். அவள் பெயரும் போகும், இருபத்திரண்டு பேர் பிழைப்பும் போகும்.

மறுநாள் காலை. கமிட்டிக்கு இரண்டு நாள் இருந்தது.

"எத்தனை?"

"அக்கா, பதினேழு நான்தான்."

"பதினேழு முட்டையா?" என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார் அத்தான்.

அக்கா அடுப்பை அணைத்தாள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"எருமை. உன்கிட்ட என்ன சொன்னேன்? இத்தனை நாளா வாயைத் தச்சா வச்சிருந்த? நான் பாட்டுக்குக் கிறுக்கி மாதிரி பதினேழு பதினேழுன்னு கூவிட்டு இருக்கேன், நீ வெண்ணெய் தடவிட்டு இருக்க!"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு, "இருபத்தாறுதானா? அந்தத் தொட்டிக் கணக்குகூட வரலையா?"

"வரல."

"எட்டாங்கிளாஸ்ல நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

"அப்பவும் வரல."

அவள் உதடு ஒரு நொடி கோணியது. உடனே போனை எடுத்து, என் கண்முன்னாலேயே மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூட மென்று விழுங்கவில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். பதினேழாம் வரிசையை நீக்கிவிட்டு, மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரை வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கொஞ்சம் எறங்குது. ஆனா நிக்குது."

"அப்படின்னா?"

"நீ இல்லாட்டியும் பரீட்சை மக்குதான். உன்னை மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்காங்க. நீ ஒண்ணும் பெரிய இவன் இல்ல."

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பதினேழைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை அக்கா அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தேன் என்பதைக் கமிட்டியில் முதல் பேச்சாகச் சொன்னாளாம். ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார்கள். கடைசியில் பட்டம் வேண்டாம், எண்பது கேள்வியும் வேண்டாம் என்று முடிவானது. பதிலுக்கு, பதிவு செய்த அழைப்புகளை ஹெட்போனில் போடுவார்கள். முகவரியைப் பிடித்து, எந்த வண்டியை அனுப்புவது என்று சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு தேர்வை உருவாக்க வேண்டும் என்று அக்கா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி எழுதப்போகிற தேர்வு என்பதால் அது அவளுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து அறைக்காரரிடம் போனது. டீக்குச் சர்க்கரை போடுவதற்கே இரண்டு தடவை யோசிப்பவர். அவருக்கு அக்கா வைத்த பெயர் தராசு. தன் குறிப்புகள் எல்லாவற்றையும் அவளே கட்டித் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள். அந்தத் தேர்வைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன், கேட்கமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாள்.

"அந்தாளு நல்லாத்தான் செய்வாரு" என்றாள் என்னிடம். "என்னை விட ஒரு பிடி கம்மியா."

தேர்வு ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு அழைப்புகள். பதினொன்றைப் பிடித்தேன். கடைசியில் ஒரு பெண் பேசப் பேச, பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதது. தெருப்பெயரை அரைகுறையாகத்தான் எழுதினேன். வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது.

வீட்டில் அக்கா இருந்தாள். தலைவலி, லீவு என்றாள். அத்தானும் எதற்கோ லீவு.

"எப்படி மச்சான் இருந்..."

அக்கா கரண்டியைத் தூக்கினாள். "கேக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் போடலையே!"

"நீங்க என் வீட்டுக்காரர். அதுல நீங்களும் சேர்த்திதான்."

எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வாணலி சூடாகும்வரை காத்திருந்தாள்.

"எத்தனை?"

"ரெண்டு."

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒன்று உடைத்தாள். இரண்டாவதை உடைத்தாள். மூன்றாவதையும் எடுத்து உடைத்தாள்.

"ரெண்டுதானே சொன்னேன்."

"அது நீ எழுதின மார்க்" என்று தட்டை என் முன்னால் வைத்தாள். "இது உன் வேலைக்கு உங்க சூப்பிரண்ட் போட்ட மார்க். ஆறறதுக்குள்ள சாப்பிடு."

மூன்றையும் சாப்பிட்டேன்.