பிரேமா கொடுத்த சாக்லேட்

மதியச் சோறு முடிந்ததும் கஜபதி அலமாரியைத் திறப்பார். கறுப்பு உறை போட்ட சாக்லேட்டில் ஒரு வில்லையை உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கண் மூடலைத்தான் அவர் மனைவி பத்மாவால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாக உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, கம்பும் கேழ்வரகுமாக மாற்றி மாற்றி ஆக்கிப் போடுகிறாள். ஒரு நாளாவது அதற்குக் கண் மூடியிருப்பாரா?

கொடுத்தது பிரேமா. கஜபதியின் தம்பி மனைவி, சென்னையில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. கணவனின் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். "பாவா, இதுல சர்க்கரை கம்மி, கோகோதான் நெறைய. தினம் ஒரு வில்லை சாப்ட்டா உங்க பிரஷருக்கு நல்லது" என்று நான்கு சாக்லேட் கட்டிகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பாவாவும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில், மெடிக்கல் கடை மணியம்மையிடம் பத்மா பேச்சை எடுத்தாள்.

"ஏம்மா, சாக்லேட்டு உடம்புக்குக் கெடுதிதானே?"

"கசப்பா இருக்குமே, அதுவாக்கா? நல்லதுதான். கொஞ்சமா துன்னா ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்றாங்க. இரும்புச் சத்துகூட கீது."

"கெடுதியே கெடையாதா?"

மணியம்மை சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, கெடுதியக் கேட்டு வாங்கிகினு போவ வந்தீங்களா? கொழுப்பு சாஸ்தி, அளவு மீறினா எடை ஏறும். சில பேருக்குத் தூக்கம் கெடும். அப்பறம், கிட்னியில கல்லு வந்தவங்க தொடாம இருந்தா நல்லது. அதுல இருக்கற ஆக்சலேட்டுன்ற உப்பு திரும்பக் கல்லு கட்டிடும்."

பத்மாவுக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் கல் அடைத்துக் கஜபதி சுருண்டு கிடந்தபோது பிரேமா இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அவளுக்குத் தெரியாது. கஜபதியோ வலி போனதோடு அதை மறந்துவிட்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தனியாகச் சொன்னால் "சரி" என்பார், அதோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கிருத்திகைக்குப் பிரேமா வருகிறாள். அவள் எதிரில் சொல்ல வேண்டும், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதுவரை தினமும் வில்லை உடையும் சத்தம் கேட்டது. பத்மா பாத்திரம் தேய்த்தபடி பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமையில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது.

கிருத்திகையன்று சாமி பார்க்கும்வரை கஜபதி பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பத்மா, பிரேமாவோடு வெயிலில் முருகன் கோவில் மலைப்படி அத்தனையும் ஏறி, வரிசையில் நின்று, தரிசனம் முடிந்து இறங்கும் வழியில் உதடு காய்ந்து ஒரு படியில் உட்கார்ந்தார். பிரேமா பையிலிருந்து சாக்லேட்டை எடுத்தாள்.

"விரதம்தான் முடிஞ்சிதே பாவா, தெம்பா இருக்கும்."

அவர் இரண்டு வில்லைகளை வாயில் போட்டுக்கொண்டார்.

"துன்னுங்க, துன்னுங்க. கல்லு நல்லா கட்டட்டும்" என்றாள் பத்மா.

"இன்னா கல்லு?" என்றார் கஜபதி.

"கிட்னியில கல்லு வந்த உடம்புக்கு இது ஆவாதாம். தண்ணி குடிக்காத வயித்துல வேற! படிச்ச பொண்ணாச்சே, தெரிஞ்சிதான் குடுத்திருப்பா."

பிரேமாவின் முகம் வெளுத்தது. பத்மா காத்திருந்த முகம்தான். "ஐயோ பாவா, உங்களுக்குக் கல்லு இருந்துச்சா? துப்பிடுங்க, துப்பிடுங்க!" தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "நான்தான் கேட்டிருக்கணும். நல்ல வேளை சொன்னீங்கக்கா."

பத்மா சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். நன்றியை அவள் எதிர்பார்க்கவில்லை.

கஜபதி வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாட்டிலைக் காலி செய்தார்.

"உனக்கு யார் சொன்னது?"

"மெடிக்கல்ல, மணியம்மை."

"எப்ப?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"செவ்வாக்கெழம."

அவர் கோபப்படவில்லை. "தெனம் பக்கத்துலதான இருந்த" என்றார், அவ்வளவுதான். பிரேமா பத்மாவின் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கஜபதி எழுந்து இறங்கத் தொடங்கினார். பத்மாவுக்கு முழங்கால் வலி; எப்போதும் பத்துப் படிக்கு ஒரு முறை நின்று அவளுக்காகக் காத்திருப்பார். இன்றும் நின்றார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. கீழே தெரிந்த கடைத்தெருவைப் பார்த்தபடி நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்தது.

அப்போதும் அவள் கண் போனது அவர் கையிலிருந்த காலி பாட்டில்மேல்தான். பிரேமாவுடையது. அதை அவர் இன்னும் கீழே போடவில்லை.