மாதிரி வீட்டில் பொங்கிய பால்

ஒரே ஒரு வீடு கட்டப் பதினொரு மாசம். கமிட்டி கட்டின வீடுல்லா, சும்மாவா? மாசம் ஒரு கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் உளுந்த வடை, காப்பி. தூத்துக்குடியில குடியிருக்க இடமில்லாத ஏழைகளுக்கு மலிவு வாடகையில வீடு கட்டித் தரணும்னு ஊர்ப் பெரியவங்க ஆரம்பிச்ச நிதி அது. ஊரை விட்டுப் போற ஒவ்வொரு உப்பு மூட்டைக்கும் வியாபாரிங்க ஒரு தம்பிடியைத் தர்மக் காசா, மகமைன்னு நிதியில சேர்த்தாங்க. தலைவர் நயினார் அண்ணாச்சி. உப்பைக் கப்பல்லயும் வெங்காயத்தைத் தோணியிலயும் ஏத்தி அனுப்புத பெரிய வியாபாரி. வடை நல்லா இருந்த மாசம் தீர்மானமும் நல்லாத்தான் இருந்துச்சு.

சீனித்தாய் அவரு உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கியில சாக்கு தைக்கிறவ. மகமை வந்த மறுவாரமே தையக்கூலியில மூட்டைக்கு ஒரு தம்பிடி குறைஞ்சு போச்சு. "அண்ணாச்சி தர்மம் பண்ணுதாரு, நம்ம கூலியில" என்று கோணி ஊசியைக் கையில வச்சுக்கிட்டே சொன்னா. கூட இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. சிரிச்சு என்ன செய்ய, கூலி குறைஞ்சது குறைஞ்சதுதான்.

கிட்டங்கிக்குப் பின்னால ஓலைக் குடிசையில அவ குடும்பம். போன ஐப்பசி மழையில முட்டளவு தண்ணி. அவளும் புருசன் சுடலைமாடனும் ரெண்டு நாள் மகளைத் தோள் மாத்தித் தோள் மாத்திச் சுமந்துக்கிட்டு நின்னாங்க. பிள்ளைக்கு அப்ப பிடிச்ச இருமல் இன்னும் விடல. அடுத்த மழைக்குள்ள ஒரு ஓட்டுக்கூரைக்குக் கீழ போயிரணும். அவளுக்கு வேற ஆசையே கிடையாது.

சுதந்திரம் வந்த மறுவருசம் ஆவணியில, மாதிரின்னு கட்டின அந்த ஒத்த வீட்டைத் திறந்து வைக்க மெட்ராஸிலருந்து மந்திரி வாராருன்னு ஆச்சு. ஆளில்லாத வீடு போட்டோவுல கல்லறை மாதிரி விழும்னு கமிட்டி கிளார்க்கு வில்பிரட் சொன்னார். அதனால ஒரு நாளைக்கு மட்டும் குடியிருக்க ஒரு குடும்பம் வேணும். சாக்கு தைக்கிறவங்கள்ல லட்சணமா இருந்தது சீனித்தாய்தான். அண்ணாச்சி வீட்டம்மா பச்சைப் பட்டு ஒன்னை எரவல் குடுத்தா.

"வெறும் பானையை அடுப்புல வச்சாப் போதும் அண்ணாச்சி. போட்டோவுல யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் வில்பிரட்.

"ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா? வாசல்ல எம்பேரு வெட்டின கல்லு நிக்கி. நாளன்னைக்கு என் தோணி கொழும்புக்குப் போவுது. புது வீட்டுல வெறும் பானையை வச்சா வெளங்குமா? நெசப் பாலாக் காய்ச்சச் சொல்லு. நல்ல நேரம் பாத்து, கிழக்க பாத்துப் பொங்கணும்."

சேலையை வாங்க வந்து நின்ன சீனித்தாய் காதுல இது விழுந்துச்சு. நேரா குடிசைக்குப் போயி, சட்டி பானை, பாய், அம்மி, முட்டைக் கோழி எல்லாத்தையும் கைவண்டியில ஏத்தச் சொன்னா.

"ஒரு நாப் போட்டோவுக்குக் கோழி எதுக்குளா?" என்றான் சுடலைமாடன்.

"வீடு நெறஞ்சு இருக்கணும்லா. நீரு தூக்கும்."

மந்திரி வந்தாரு. பால் கிழக்க பாத்தே பொங்குச்சு. அண்ணாச்சி மந்திரி பக்கத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு, "இனி இது சீனித்தாய் வீடு" என்று கூட்டம் கேக்கச் சொன்னார். கை தட்டினாங்க. மந்திரி ஒரு வாய் பால் குடிச்சுட்டுக் காரேறிப் போயிட்டாரு.

சாயங்காலம் வில்பிரட் பூட்டோட வந்தார். உள்ள உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"பூட்டணும்மா. நான் வேணா வண்டி பிடிச்சுத் தாரேன்."

"பூட்டுங்க சார், வேண்டாங்கல. ஆனா காலையில பால் பொங்கின அடுப்பு. அன்னைக்கே அதுல தண்ணி ஊத்த என் கை வராது. நீங்க ஊத்துங்க."

வில்பிரட் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டார். வேதக்காரங்களும் பால் காய்ச்சித்தானே குடி போறாங்க. பூட்டைக் கையில வச்சுக்கிட்டே போயி அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தார்.

அண்ணாச்சி செம்பு நிறையத் தண்ணியோட அடுப்பு முன்னால வந்து நின்னார். செம்பைச் சாய்க்கப் போனார், நிமித்திக்கிட்டார்.

"நீயே அணைச்சிரு, தாயீ."

"நான் அணைச்சா எங்குடி கெடும். நீங்க அணைச்சா உங்க தோணி. யோசிச்சுக்கிடுங்க."

"ஏளா, இது மாதிரிக்குக் கட்டின வீடு. குடியிருக்கதுக்கு இல்ல."

அதுவரைக்கும் விளையாட்டாப் பேசினவ, கூரையைக் கை காட்டிக் கேட்டா.

"பதினொரு மாசமா எங்கூலியில தம்பிடி தம்பிடியாப் பிடிச்சீங்க அண்ணாச்சி. மேல இருக்கதுல எந்த ஓடு எங்காசுல வாங்கலன்னு காட்டுங்க. அதைப் பேத்துக் குடுத்துருதேன். குடிசைக்குக் குடுத்த வாடகையை இங்கயும் குடுக்கேன், ஓசி வேண்டாம். எம்பிள்ள இன்னொரு மழை தாங்காது."

உள் அறையில பிள்ளை இருமுச்சு. அண்ணாச்சி ஓட்டைப் பாத்தார், அடுப்பைப் பாத்தார், வில்பிரட்டைப் பாத்தார். அப்புறம் செம்புத் தண்ணியை மடமடன்னு தானே குடிச்சுட்டார்.

சீனித்தாய் உள்ள போயி, மடிச்சு வச்சிருந்த பச்சைப் பட்டை எடுத்துட்டு வந்தா. "வீட்டுல அக்காட்ட குடுத்திருங்க. எரவல் சேலைய வச்சுக்கிடப்படாதுல்லா" என்று அவர் கையில வச்சா.

சேலையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அண்ணாச்சி வெளிய வந்தார். அவர் பேர் வெட்டின கல்லைச் சுத்தி சாக்கு தைக்கிற பொம்பளைங்க இருபது பேர் உக்காந்திருந்தாங்க. ஒவ்வொருத்தி மடியிலயும் ஒரு பால் பானை. அவங்கள்ல கிருபாபாய் மட்டும் எந்திரிச்சு, ரொம்ப மரியாதையாக் கேட்டா: "அடுத்த வீட்டுக்கு நல்ல நேரம் பாத்தாச்சா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சேலையை மறு கக்கத்துக்கு மாத்திக்கிட்டார்.

"ஏலே வில்பிரட்டு, நாளைக்குக் காலையில கமிட்டியக் கூட்டு."

"சரி அண்ணாச்சி. வடைக்குச் சொல்லிரவா?"

"வடையும் வேண்டாம், மயிரும் வேண்டாம். கொத்தனுக்குச் சொல்லு."