ஒன்றிலிருந்து தொடங்கும் டேப்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பாதியில் பிடிபடுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருடியது ஒரு தாளை. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த தாள். அதைக்கூடக் கையால் தொடவில்லை, போனில் படம் பிடித்துக்கொண்டேன். எழுதியவள் குளியலறையிலிருந்து வருவதற்குள் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அதில் இருந்தது இதுதான்:

நாற்காலி அகலம் 25.
கட்டில் உயரம் 19. அதுக்கு மேல வேண்டாம்.
குளிக்கிற இடத்துல படி கூடாது. அரை அங்குலம்கூட.
கைப்பிடி வலது பக்கம். இடது பக்கம் இருந்து பிரயோஜனம் இல்ல.
பிடிச்சுக்கிட்டு நடந்தா பன்னெண்டு எட்டு. அப்புறம் உக்காரணும்.

இதைப் படித்ததும் கண் கலங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடித்துப்போகும். கலங்கவில்லை. வயிறு எரிந்தது. ஓர் உடம்பைப் பற்றி இன்னொருத்திக்கு இத்தனை தெரிந்திருக்கிறதே என்ற எரிச்சல். பன்னிரண்டு எட்டு. பத்து இல்லை, பதினைந்து இல்லை. எண்ணியிருக்கிறாள்.

2

தொடக்கம் ஒன்று: "தீம் பார்க் வாசலில் வண்ண வண்ண பலூன்கள்—"

அடித்துவிட்டேன். இன்னும் யாரும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

தொடக்கம் இரண்டு: "அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான்—"

பொய். அம்மாவுக்கு நூறு ஆசை உண்டு.

தொடக்கம் மூன்று கொஞ்சம் தேறும். மொத்தம் மூன்று பேர்தான் கதையில். முப்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்த அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய இடது கையும் காலும் பாதி நேரம்தான் சொல்பேச்சு கேட்கின்றன; மீதி நேரம் சக்கர நாற்காலி. அம்மாவோடு இருக்கும் தங்கை. காலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, மீதி நாள் முழுக்க அம்மா. வேறு ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்யும் அக்கா.

அம்மா டிவியில் அந்தத் தீம் பார்க்கின் விளம்பரத்தைப் பார்த்தாள். தலைகீழாகச் சுற்றும் எதுவும் அவளுக்கு வேண்டாம். குகைக்குள் மெதுவாகப் போய் மெதுவாக வெளியே வரும் ஒரு படகு காட்டினார்கள். "அதுல ஒரு தடவ உக்காந்து பாக்கணும்டி" என்று தங்கையிடம் சொன்னாள். தங்கை பார்க்கலாம் என்றாள். அந்த ஞாயிறு அம்மா அதையே அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா, "நான் பாத்துக்கறேம்மா, பக்கத்துலயே ஹோட்டல் எடுத்துரலாம்" என்றாள்.

அம்மா போனை வைத்தாள். "அவ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

தங்கை அப்போது அம்மாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஆனால் அடுத்த நகம் கொஞ்சம் ஒட்ட வெட்டுப்பட்டது.

"ஸ்ஸ்... கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?"

[நகம் வெட்டும் இடம் என் கற்பனை. ஆனால் யாராவது வெட்டத்தானே வேண்டும். நான் ஒரு தடவைகூட வெட்டியதில்லை.]

3

மேலே உள்ள அடைப்புக்குறியில் மாட்டிக்கொண்டேன். ஆமாம், அந்த அக்கா நான்தான்.

பிறகு ஏன் "நான்" என்று எழுதவில்லை? எழுதினால் நல்லவளாகத் தெரியும்படி எழுதிவிடுவேன், கைப்பழக்கம் அப்படி. அதோடு இந்தக் கதை தங்கையின் தோளுக்குப் பின்னால் நின்று நடக்க வேண்டும். எனக்கு நிற்க ஆசையான இடம் அதுதான்.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். இரண்டு இருந்தன. ஒன்று பார்க்குக்கு உள்ளேயே கோபுரமும் கொடியுமாகக் கட்டியது. வீட்டில் அதைக் கோட்டை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம். இன்னொன்று வெளியே ஒரு குளத்தை ஒட்டி, பார்க்கப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அங்கிருந்து பார்க் வாசலுக்கு, தரையோடு தாழ்ந்து நாற்காலியை ஏற்றிக்கொள்ளும் பஸ் ஒன்று ஓடியது.

தங்கை அந்தக் குளக்கரை ஹோட்டலுக்குப் போன் செய்தாள்.

"எங்க ரூம் எல்லாமே ரொம்ப வசதியா இருக்கும் மேடம்" என்றார் முன்பதிவுக்காரர்.

"வசதிய அங்குலத்துல சொல்லுங்க சார்."

அவர் சிரித்தார். இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டேப் எடுத்துவரப் போனார். குளியலறைக் கதவு முப்பத்திரண்டு அங்குலம். படி கிடையாது. கைப்பிடி இரண்டு பக்கமும்.

(* "வசதிய அங்குலத்துல சொல்லுங்க" என்ற வசனத்தை முதல் பிரதியில் அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். தங்கை பேசியது எனக்குத் தெரியும், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நல்ல வசனமாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

அக்கா கோட்டையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் இல்லாமல் இல்லை. மத்தியானம் களைப்பாக இருந்தால் அம்மா பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம். ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்தப் படகே தெரியும். எல்லாம் நியாயம்தான். குளக்கரையைத் தங்கை கண்டுபிடித்துவிட்டாள் என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை:

"கோட்டையே போட்டுட்டேன்டி. கைப்பிடி வச்ச ரூம்."

"பாத்ரூம் கதவு கேட்டியாக்கா?"

"கேக்காம இருப்பேனா? இருபத்திநாலரை. நாற்காலி இருபத்திநாலு. அரை அங்குலம் மிச்சமே இருக்கு."

தங்கை சிறிது நேரம் பேசவில்லை.

"என்ன, பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

அறையை மாற்றுவதென்றால் இன்று மாலை ஆறு மணி வரை நேரம் இருக்கிறது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியாது. அடுத்த பகுதியில்தான் தெரிந்தது.

4

எங்கள் வீட்டு டேப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அது ஒன்றிலிருந்து தொடங்கும். அம்மாவின் தையல் டேப். நுனித் தகடு கழன்று, முதல் அங்குலம் நைந்துபோக, ஒரு நாள் கத்தரியை எடுத்து அந்த அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டாள். எதை அளந்தாலும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதானே என்றாள். அப்படியே இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நல்ல ஸ்கேலால் அளந்தபோதும் நான் ஒன்றைக் கழித்தே எழுதுவேன். கணக்கு டீச்சர் ஒருமுறை என் ஸ்கேலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து ஓர் அளவு வந்தால் என் மனசு தானாக ஒன்றைக் கழித்துவிடும். தாளில் 25 என்று இருந்தது. 24 என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எத்தனை வருடம் வெளியே இருந்தால் என்ன, நான் அந்த வீட்டுப் பெண்தான்.

இனி, தங்கை நாற்காலியை அளக்கும் காட்சி. இதையும் நான் பார்க்கவில்லை, எழுதித்தான் பார்க்கிறேன்:

தங்கை முட்டி போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் ஒரு பக்கத்துச் சக்கர வளையத்திலிருந்து மறுபக்கத்து வளையம் வரை டேப்பை இழுத்துப் பிடித்தாள். அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோடி?"

"இருபத்தாறு. ஒண்ணு போனா இருபத்தஞ்சு."

"வளையத்தையும் சேத்துத்தான அளந்த? என் கை நசுங்குச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

"சேத்துத்தாம்மா."

பென்சிலை எடுத்துத் தாளில்—

தாளில் என்ன எழுதுவாள்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கழிக்காத எண்ணை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? அம்மாவின் அளவு நோட்டில் ஒரு பக்கத்திலாவது அப்படி இருந்ததா? கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அவள் 25 என்று எழுதுவாள். 25 என்றுதான் எழுதியிருக்கிறாள். அவள் ஒரு தடவை கழித்துவிட்டாள். அதற்கு மேல் நான் ஒரு தடவை கழித்திருக்கிறேன்.

நாற்காலி இருபத்தைந்து. கதவு இருபத்திநாலரை. அம்மா படகைப் பார்த்துக்கொண்டே கோட்டையில் தூங்கலாம். குளியலறைக்குள் மட்டும் நாற்காலி போகாது. கதவிலிருந்து உள்ளே இருக்கும் தூரம் பன்னிரண்டு எட்டா, பதினைந்தா, அதை நான் கேட்கவே இல்லை.

5

இதன் பிறகு ஒரு நல்ல மனுஷி போனை எடுத்திருப்பாள். நான் மறுபடி பேனாவை எடுத்தேன். எழுதியதை அடிக்காமல் அப்படியே வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்:

போனில் இருபத்திநாலு என்று கேட்ட நிமிடமே தங்கைக்குப் புரிந்துவிட்டது. அக்கா இரண்டாம் தடவை கழித்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தாள். "அவ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்ற அம்மாவின் குரல் காதில் விழுந்தது. போகட்டும் என்று நினைத்தாள். நாற்காலி அந்தக் கதவில் மாட்டி நிற்கட்டும். யார் பார்த்தது சரியாக இருந்தது என்று அம்மா கண்ணால் காணட்டும். அவள் வாயை மூடிக்கொண்டு—

தடங்கலே இல்லாமல் வந்தது. பொறாமையைப் பற்றி எழுதும்போது எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் சந்தேகம் வந்தது. இந்தத் தங்கையை நான் எங்கிருந்து எடுத்தேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நான் "அரை அங்குலம் மிச்சமே இருக்கு" என்று சொன்னபோது தங்கை பேசாமல் இருந்தாள் என்று மேலே எழுதினேன் அல்லவா? அது முழு உண்மையில்லை. அவள் பேசவில்லை, அம்மா பேசிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஏண்டி, துண்டு எங்க வச்ச? வச்ச இடத்துல எதையாச்சும் வைக்கிறியா நீ? எரும, போன்ல என்ன அவ்ளோ நேரம்?"

அவள் துண்டைத் தேடப் போயிருக்க வேண்டும். நான் சொன்ன எண் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. விழுந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு வில்லியைச் செய்துவைத்துக்கொண்டேன். அந்தத் தாள் யாருக்காக ஃபிரிட்ஜ் கதவில், வீட்டுக்குள் வருகிறவர் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? நாற்காலியின் அளவு அங்கே இருக்கும் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

இன்னொன்றும் நினைவு வந்தது. அம்மா "எரும" என்று கத்தியதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பது. என்னை அம்மா திட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் போனால் புதுப் போர்வை விரிக்கச் சொல்வாள். "வாம்மா, சாப்டியாம்மா" என்பாள். போன தடவை அவளுடைய கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து உடைத்துவிட்டேன். "பரவால்லம்மா, பழசுதான்" என்றாள். அதையே தங்கை உடைத்திருந்தால் தெருவே கேட்டிருக்கும். அம்மாவுக்கு நான் விருந்தாளி. வீட்டு ஆள் அவள்.

எனக்கு அந்த "எரும" வேண்டும். இந்தக் கதை முழுவதும் தங்கைக்குத்தான் பொறாமை என்று நகத்தில் வெட்டுக் காயம்வரை வைத்துக் காட்டினேனே, அந்தப் பொறாமை என்னுடையது.

6

முடிவுகள்.

முதல் முடிவில் நான் யாரிடமும் சொல்லாமல் அறையை மாற்றிவிடுகிறேன். குளக்கரையில் ஒரு தரைத்தள அறை இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். "யோசிச்சுப் பாத்தேன், உன் ஹோட்டலே நல்லாருக்குடி" என்று தங்கையிடம் பெருந்தன்மையாகச் சொல்கிறேன். தப்பும் மறைந்துவிடும், பெயரும் கிடைத்துவிடும். இதை எழுதவே கூச்சமாக—

இரண்டாம் முடிவில் எல்லோரும் கோட்டைக்குப் போகிறோம். நாற்காலி கதவில் முட்டி நிற்கிறது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்து, "நீ பாத்திருக்கக் கூடாதாடி?" என்கிறாள். அவள் அம்மாவின் இடது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறாள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த முடிவைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது.

மணி ஐந்து பத்து. கதையை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். குளக்கரை அறையைப் பிடித்தேன், கோட்டையை விட்டேன். அது மூன்று நிமிட வேலைதான். அடுத்து தங்கையின் எண்.

எடுத்தது அம்மா.

"சொல்லும்மா. அவ மாடில துணி எடுக்கப் போயிருக்கா. நல்லாருக்கியாம்மா?"

"அம்மா, அந்த ஹோட்டல மாத்திட்டேன்."

"ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு?"

"அவ எழுதி வச்சிருந்த தாள அவளுக்குத் தெரியாம எடுத்தேன். நாற்காலி அளவு அதுல ஒண்ணு கழிச்சு இருந்துச்சு. நான் மறுபடியும் ஒண்ணு கழிச்சுட்டேன்."

உலகத்தில் வேறு யாரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னாலும் என்ன ஏது என்று விளக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் வேண்டியதில்லை. அந்த அங்குலத்தை வெட்டியவளே அவள்தான். அந்தப் பக்கம் மாடிப்படியில் யாரோ இறங்கிவருவது கேட்டது.

அம்மா மூச்சை இழுத்தாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அம்மா ஏதோ ஒன்று சொன்னாள், எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நான் எழுதினால் எனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவேன். "பரவால்லம்மா" என்று நீங்கள் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான அம்மாக்கள் அதைத்தான் சொல்வார்கள்.

இல்லையென்றால், உங்களுக்கு மனசு இருந்தால், அம்மாவை இரண்டு வார்த்தை நன்றாகத் திட்டவையுங்கள். "டி" போட்டு.